கால்பந்து நடுவர் பணியை முழுநேரத் தொழிலாகக் கொள்ள முடியுமா?

பாளை மாணவன்:

அனைவருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் இளங்கலை இறுதியாண்டு படித்துவருகிறேன். கல்லூரி அணியில் ரைட் பேக், அதாவது வலப்பக்கத் தடுப்பாட்டக்காரர் இடத்தில் ஆடுகிறேன். மாநில அணியில் இடம்பிடிக்கும் அளவுக்கு என் ஆட்டம் வளராது என்பது எனக்குத் தெரிகிறது. ஆனாலும் கால்பந்தை விட்டு விலக மனம் ஒப்பவில்லை. சென்ற ஆண்டு பள்ளிகளுக்கிடையே நடந்த ஆட்டங்களில் கொடி பிடிக்க ஆள் போதவில்லை என்று எங்கள் உடற்கல்வி ஆசிரியர் என்னை அழைத்துச் சென்றார். அதன் பிறகு 14 வயதுக்குட்பட்டோர் ஆட்டங்களில் விசிலையும் என்னிடம் கொடுத்தார். என் பக்கத்துக் கோட்டையும் எதிரே வரும் விங்கரையும் (ஓரமாக ஓடித் தாக்கும் ஆட்டக்காரரையும்) மட்டுமே பார்த்துப் பழகிய எனக்கு, இரண்டு அணிகளின் ஆட்டமும் ஒருசேரக் கண்ணுக்குத் தெரியத் தொடங்கியது பெரிய வியப்பாக இருந்தது. இதையே தொழிலாகக் கொள்ள வேண்டும் என்ற எண்ணம் நாளுக்கு நாள் வலுத்துவருகிறது.

என் அப்பா டவுனில் கடை வைத்திருக்கிறார். அவர் என்னைத் தடுக்கவில்லை. மாதச் சம்பளம் உண்டா, எந்த வயதுவரை செய்யலாம், அடிபட்டால் யார் பார்ப்பார்கள் என்று மூன்று கேள்விகள் மட்டும் கேட்டார். மூன்றுக்கும் என்னால் தெளிவான பதில் சொல்ல முடியவில்லை. இந்தப் பணியில் இருப்பவர்களும் இருந்தவர்களும் விளக்கினால் பேருதவியாக இருக்கும். நெல்லையிலேயே இருந்துகொண்டு இதில் முன்னேற முடியுமா, சென்னைக்குக் குடிபெயர்ந்துதான் ஆக வேண்டுமா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

தாமிரபரணிக்கரை:

தம்பிக்கு வாழ்த்துகள். நான் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பணியில் இருந்த காலம் முழுவதும் மாவட்ட, மாநில அளவிலான ஆட்டங்களுக்கு நடுவராகவும் இருந்தேன். உங்கள் தந்தையார் கேட்டிருப்பவை சரியான கேள்விகள் என்பதால் அவற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

நடுவர் பணியை மட்டுமே செய்து மாதச் சம்பளம் பெறுவோர் உலக அளவிலேயே குறைவு. இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில்கூட 2001ஆம் ஆண்டில்தான் நடுவர்களை முழுநேரப் பணியாளர்களாக அமர்த்தும் முறை வந்தது. 2002 உலகக் கோப்பை இறுதியாட்டத்தை நடத்திய இத்தாலியின் பியர்லூயிஜி கொலினா நிதி ஆலோசகராகத் தொழில் செய்தவர். 2010 இறுதியாட்டத்தின் நடுவர் ஹோவர்டு வெப் காவல் துறையில் சார்ஜெண்டாக இருந்தவர். நெதர்லாந்தின் பியோர்ன் கைப்பர்ஸ் சூப்பர் மார்க்கெட்டுகள் நடத்திக்கொண்டேதான் ஐரோப்பியக் கோப்பையின் இறுதியாட்டம்வரை சென்றார். நம் நாட்டில் பெரும்பாலான நடுவர்களுக்கு வருவது ஆட்டத்துக்கு இவ்வளவு என்ற கட்டணமும், பயணப் படியும், தங்கும் வசதியும்தான். ஆட்டம் நடந்தால்தான் அந்தப் பணம். 2025 ஜூலையில், உரிம ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாத சிக்கலில் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) போட்டிப் பருவமே நிறுத்திவைக்கப்பட்டது நினைவிருக்கும். ஆட்டக்காரர்களின் நிலை பற்றி எல்லோரும் பேசினார்கள். அந்த ஆட்டங்களை நம்பியிருந்த நடுவர்களைப் பற்றி எவரும் பேசியதாக நான் கேட்கவில்லை.

ஆகவே, நடுவர் பணிக்கு விடுப்புத் தரக்கூடிய ஒரு வேலையை முதலில் தேடிக்கொள்ளுங்கள் என்பதே என் உறுதியான கருத்து. உடற்கல்வி ஆசிரியர் பணி அதற்குப் பொருத்தமானது. ரயில்வே, காவல் துறை போன்றவற்றிலும் விளையாட்டுக்கு மதிப்பு உண்டு. எந்த வேலையாக இருந்தாலும், வெளியூர் ஆட்டங்களுக்குச் செல்லும் நாள்களைப் பணிநாள்களாகக் கணக்கிடுவார்களா என்பதைச் சேரும்போதே எழுத்து வடிவில் கேட்டுப் பெறுங்கள். திறமை இருந்தும் பலர் பாதியில் நின்றுபோவதற்கு விடுப்புச் சிக்கலே காரணமாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இன்று நாம் பின்பற்றும் நடுவர் முறையை உருவாக்கிய பெரியவர்களில் இருவர் பள்ளி ஆசிரியர்கள் என்பதில் ஓர் ஆசிரியராக எனக்குப் பெருமை உண்டு. ஸ்டான்லி ரூஸ் 1938இல் ஆட்ட விதிகளை ஒழுங்குபடுத்தித் திருத்தி எழுதினார். நடுவர் மைதானத்தில் மூலைவிட்டமாக ஓடும் முறையைப் பரப்பியவரும் அவரே. மஞ்சள், சிவப்பு அட்டைகளைக் கொண்டுவந்த கென் ஆஸ்டனும் ஆசிரியர்தான். 1970இல் மெக்சிகோவில் நடந்த உலகக் கோப்பையில் அவை முதன்முதலாகப் பயன்பட்டன.

வயதைப் பொறுத்தவரை, சர்வதேச நடுவர்களுக்கு முன்பு 45 வயது என்ற உச்சவரம்பு இருந்தது. கொலினா 2005இல் அந்த வயதை எட்டினார். அந்த வரம்பு பின்னர் நீக்கப்பட்டுவிட்டது. இப்போது ஆண்டுதோறும் நடக்கும் உடற்தகுதித் தேர்வும் மருத்துவச் சோதனையுமே முடிவுசெய்கின்றன. நீங்கள் கவலைப்பட வேண்டியது கீழ்வரம்பைப் பற்றித்தான். உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபாவின் சர்வதேச நடுவர் பட்டியலில் சேர நடுவருக்குக் குறைந்தது 25 வயதும், உதவி நடுவருக்கு 23 வயதும் ஆகியிருக்க வேண்டும்; அதற்கு முன் நாட்டின் உயர்நிலை ஆட்டங்களில் சில ஆண்டுகள் பணியாற்றியிருக்கவும் வேண்டும். மாவட்டச் சங்கத்தில் பதிவு செய்து, எழுத்துத் தேர்விலும் உடற்தகுதித் தேர்விலும் தேறி, மாவட்டத்திலிருந்து மாநிலத்துக்கும் அங்கிருந்து தேசிய நிலைக்கும் உயர்வதற்குப் பல ஆண்டுகள் ஆகும். 30 வயதில் தொடங்குபவருக்கு அந்த ஆண்டுகள் கிடைப்பதில்லை. நீங்கள் சரியான வயதில்தான் இருக்கிறீர்கள்.

உடற்தகுதித் தேர்வைப் பலர் எளிதாக எண்ணிவிடுகிறார்கள். சர்வதேச ஆண் நடுவருக்கான அளவைச் சொல்கிறேன். முதலில் 40 மீட்டரை 6 முறை ஓட வேண்டும். ஒவ்வொரு முறையும் 6 வினாடிக்குள் முடிக்க வேண்டும். இடையில் ஒரு நிமிடமே ஓய்வு. அது முடிந்து சிறிது நேரத்தில், 75 மீட்டரை 15 வினாடியில் ஓடி அடுத்த 25 மீட்டரை 18 வினாடியில் நடக்கும் பகுதி தொடங்கும். 400 மீட்டர் ஓடுபாதையில் ஒரு சுற்றுக்கு நான்கு முறை வீதம் பத்துச் சுற்றுகளும் இப்படியே செல்ல வேண்டும். ஒலிப்பான் ஒலிக்கும்போது கோட்டுக்குள் வந்திருக்க வேண்டும். முதல் ஐந்து சுற்றுகள் யாருக்கும் முடியும். ஏழாவது சுற்றுக்குப் பிறகு அந்த 18 வினாடி நடை மூச்சு வாங்கவே போதாது. மாவட்ட நிலையில் அளவுகள் இவ்வளவு கடுமையாக இருக்காது. ஆனாலும், இறுதியில் எட்ட வேண்டிய அளவு இது என்று மனத்தில் வைத்துப் பயிற்சி செய்யுங்கள். நம் ஊர்ப் பங்குனி, சித்திரை வெயிலில் காலை ஏழு மணிக்கு மேல் இந்தப் பயிற்சி வேண்டாம். விடியுமுன் அண்ணா விளையாட்டரங்கத்துக்குச் சென்று, வெயில் ஏறுமுன் முடித்துவிடுவது நல்லது.

ஓட்டத்தைவிட முக்கியமானது எங்கே நிற்பது என்பது. ஓர் ஆட்டத்தில் நடுவர் 10 முதல் 12 கிலோமீட்டர் ஓடுகிறார். புதியவர்கள் பசுவின் பின்னால் கன்று ஓடுவதுபோல் பந்தின் பின்னால் ஓடியே அந்தத் தொலைவைத் தீர்த்துவிடுகிறார்கள். பந்துக்கு நேர்பின்னால் இருப்பவருக்கு ஆட்டக்காரரின் முதுகுதான் தெரியும்; கால் பந்தைத் தொட்டதா, கணுக்காலைத் தொட்டதா என்பது தெரியாது. மோதும் இருவருக்கும் இடையே உள்ள இடைவெளி கண்ணில் படும்படி பக்கவாட்டில் நிற்க வேண்டும். அதற்கு அடுத்த பாஸ் எங்கே போகும் என்பதை முன்கூட்டியே ஊகித்து, பந்து அங்கே சேரும்போது நீங்கள் பாதி வழியைக் கடந்திருக்க வேண்டும். ஒரு முனையிலிருந்து எதிர்முனைக்கு மூலைவிட்டமாக ஓடினால், பந்து உங்களுக்கும் உதவி நடுவருக்கும் இடையே அமையும். இரண்டு கோணங்களில் இரண்டு பேர் பார்க்க முடியும். நீங்கள் தடுப்பாட்டக்காரர் என்பது இங்கே பெரிய பலம். விங்கர் எப்போது உண்மையாகத் தடுமாறுகிறார், எப்போது விழ இடம் தேடுகிறார் என்பதை நீங்கள் உடம்பாலேயே அறிந்திருப்பீர்கள்.

அட்வான்டேஜ் கொடுப்பதையும், அதாவது ஃபவுல் நடந்தும் ஆட்டத்தை நிறுத்தாமல் தொடரவிடுவதையும், இப்போதே பழகுங்கள். ஃபவுல் நடந்தவுடன் விசிலை வாய்க்குக் கொண்டுபோகும் பழக்கம் புதியவர்களின் பெரிய குறை. பாதிக்கப்பட்ட அணிக்குப் பந்து கிடைத்திருந்தால் ஓரிரு வினாடி பொறுத்துப் பாருங்கள். எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை என்றால், அந்தச் சில வினாடிகளுக்குள் திரும்ப அழைத்து ஃபவுல் கொடுக்க விதி இடம் தருகிறது.

எவரும் கற்றுத்தராத ஒன்றையும் சொல்கிறேன். ஆட்டம் முடிந்த பிறகு எழுதும் அறிக்கை நடுவருடைய பாதி வேலை. சிவப்பு அட்டை பெற்றவருக்கு எத்தனை ஆட்டத் தடை என்பதை ஒழுங்கு நடவடிக்கைக் குழு அந்தக் காகிதத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்யும். “முரட்டுத்தனமாக நடந்துகொண்டார்” என்று எழுதினால் அதற்குப் பொருளே இல்லை. எந்த நிமிடம், எந்த எண், மைதானத்தின் எந்தப் பகுதி, பந்து ஆட்டத்தில் இருந்ததா, எந்தக் கையால் அல்லது காலால் எங்கே தாக்கினார், நீங்கள் எவ்வளவு தொலைவில் நின்றீர்கள் என்பனவெல்லாம் இருக்க வேண்டும். வசை பேசினால், பேசிய சொற்களை அப்படியே எழுத வேண்டும். தேசிய நிலைக்குப் போகும்போது இதை ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருக்கும் என்பதால், இப்போதே ஒவ்வோர் ஆட்டத்துக்குப் பிறகும் எழுதிப் பழகுங்கள்.

அடிபடுவது குறித்து: சங்கம் ஏற்பாடு செய்தாலும் செய்யாவிட்டாலும், உங்கள் பெயரில் தனியாக ஒரு விபத்துக் காப்பீடு எடுத்துவிடுங்கள். இதை மட்டும் அப்பாவிடம் உறுதியாகச் சொல்லலாம்.

முத்துநகர் கொடி:

அண்ணாச்சி விரிவாக எழுதியிருக்கிறார்கள். தூத்துக்குடியில் இருந்துகொண்டு உதவி நடுவராகப் பணியாற்றும் ஒரு பெண் என்ற முறையில், அவர்கள் தொடாத ஒரு பகுதியைச் சேர்க்கிறேன்.

நடுவர் என்றால் நடுவில் விசிலுடன் ஓடுபவர் மட்டுமே என்று தம்பி எண்ண வேண்டாம். உதவி நடுவர் பணி ஒரு தனித் துறை. ஃபிஃபா பட்டியலிலும் அது தனிப் பிரிவு. உலகக் கோப்பையில் பணியாற்றிய நம் மாநிலத்தவரான கோமளீஸ்வரன் சங்கர், 2002இல் கொரியாவிலும் ஜப்பானிலும் நடந்த போட்டியில் கொடியுடன்தான் அந்த மேடையை எட்டினார். 2022இல் கத்தாருக்கு ஃபிஃபா தேர்ந்தெடுத்த நடுவர்கள் 36 பேர். உதவி நடுவர்கள் 69 பேர். நடுவில் நிற்பவருக்கு ஓரிடம் என்றால் கோட்டில் நிற்பவர்களுக்கு ஏறத்தாழ இரண்டு இடங்கள் என்ற இந்தக் கணக்கு எல்லா நிலைகளிலும் உண்டு.

வேலையின் தன்மையும் வேறு. கடைசியிலிருந்து இரண்டாவதாக நிற்கும் தடுப்பாட்டக்காரருக்கு நேராக, அல்லது பந்து அவரைவிடக் கோல் கோட்டுக்கு அருகில் இருந்தால் பந்துக்கு நேராக, எந்நேரமும் நாம் நிற்க வேண்டும். ஒரு மீட்டர் பின்தங்கினாலும் பார்வைக் கோணம் பொய் சொல்லும். சமமாக நிற்பவர் முன்னால் நிற்பதுபோல் தெரிவார். அந்தத் தடுப்பாட்டக்காரரையும் பந்தையும் தாண்டிக் கோல் பக்கம் நிற்பதே ஆஃப்சைடு; சமமாக நிற்பவர் ஆஃப்சைடு இல்லை என்பது 1990 முதல் விதி. அதைத் தீர்மானிக்க வேண்டிய கணம் பந்து உதைக்கப்படும் கணம். ஆனால் நம் கண் கோட்டில் இருக்கும், உதைப்பவர் 30 மீட்டர் தள்ளி இருப்பார். உதையின் ஓசையைக் காதில் வாங்கிக்கொண்டே கண்ணைக் கோட்டில் வைக்கப் பழக வேண்டும். கூட்டத்தின் இரைச்சலில் ஓசை கேட்காதபோது, ஓரக் கண்ணில் அந்த அசைவைப் பிடிக்க வேண்டும். கொடியை உடனே உயர்த்தவும் கூடாது. ஆஃப்சைடு இடத்தில் நிற்பது மட்டும் குற்றம் ஆகாது. அவர் ஆட்டத்தில் பங்கெடுக்கிறாரா என்று பார்த்த பிறகே கை உயர வேண்டும். அந்த ஒரு வினாடி பொறுமைக்குப் பார்வையாளர்களிடம் நாம் வாங்கும் ஏச்சு கொஞ்சமில்லை. பக்கவாட்டில் அடியெடுத்து ஓடுவதற்குத் தொடைத் தசைகளுக்குத் தனிப் பயிற்சி தேவை. உடற்தகுதித் தேர்வும் வேறு. ஆண் உதவி நடுவர் 30 மீட்டரை 5 முறை 4.7 வினாடிக்குள் ஓட வேண்டும், திசை மாற்றி ஓடும் பகுதியும் உண்டு.

இதைப் படிக்கும் பெண்களுக்கும் ஒரு வார்த்தை. திண்டுக்கல்லைச் சேர்ந்த ரூபா தேவி இந்திய அணிக்கு ஆடியபின் நடுவராகி ஃபிஃபா பட்டியலில் இடம்பெற்றவர். 2022 டிசம்பர் 1 அன்று கோஸ்டாரிக்காவும் ஜெர்மனியும் மோதிய உலகக் கோப்பை ஆட்டத்தை நடத்திய ஸ்டெஃபனி ஃப்ராப்பாரும், அவருடன் கொடி பிடித்த நெயுசா பாக், கரேன் டியாஸ் ஆகியோரும் பெண்கள். ஆண்கள் உலகக் கோப்பை வரலாற்றில் மூவரும் பெண்களாக இருந்த முதல் ஆட்டம் அது. நம் பகுதியில் இன்னும் உடை மாற்ற ஓர் அறை கிடைப்பதே போராட்டமாக இருக்கும் மைதானங்கள் உள்ளன. ஆட்டத்தை ஒப்புக்கொள்ளும்போதே அறை, தங்குமிடம், திரும்பிவரும் பேருந்து ஆகிய மூன்றையும் கேட்டுவிடுங்கள். கேட்பதில் தவறே இல்லை. கேட்கத் தொடங்கிய பிறகுதான் எங்கள் பக்கம் சில இடங்களில் அறை ஒதுக்கினார்கள்.

உவரிப் பக்கத்துச் செயலர்:

கடலோர ஊர் ஒன்றில் இளைஞர் அணியை நடத்துகிறவன் நான். போட்டி நடத்துபவனின் இடத்திலிருந்து எழுதுகிறேன்.

நடுவராக வந்த நல்ல பையன்கள் இரண்டு மூன்று ஆண்டுகளில் விலகிவிடுகிறார்கள். காரணம் நாங்கள்தான், அதாவது போட்டி நடத்துபவர்களும் பார்வையாளர்களும்தான். தோற்ற அணியின் ஊர்க்காரர்கள் கோட்டைத் தாண்டி உள்ளே வருவதும், கட்டணத்தை அப்புறம் தருகிறோம் என்று சொல்லி அனுப்பிவிடுவதும் பல இடங்களில் வழக்கமாகிவிட்டன. எங்கள் போட்டிகளில் இப்போது கோட்டிலிருந்து தள்ளிக் கயிறு கட்டுகிறோம். ஆட்டத்துக்கு முன்பே கட்டணத்தை உறையில் போட்டுக் கொடுத்துவிடுகிறோம். ஆட்டம் முடிந்ததும் நடுவர்களைப் பேருந்து ஏற்றிவிடும்வரை எங்கள் ஆள் ஒருவர் உடன் இருப்பார். ஓர் ஊருக்குப் போகும் முன் இந்த மூன்றும் அங்கே உண்டா என்று தம்பி விசாரிக்கட்டும். இல்லாத ஊருக்குப் போக வேண்டாம்.

கடற்கரைப் பக்கத்தில் அணிக்கு ஏழு பேராக ஆடும் செவன்ஸ் போட்டிகளுக்கு உங்களை அழைப்பார்கள். கூட்டத்தின் நடுவே நெஞ்சுரத்தோடு நிற்க அங்கே கற்றுக்கொள்ளலாம் என்பது உண்மை. ஆனால் சிறிய மைதானம், உள்ளூர் விதிகள், குறைந்த நேரம் என்று எல்லாமே வேறு. சங்கத்தில் பதிவு செய்த நடுவர், சங்கத்தின் ஒப்புதல் இல்லாத போட்டியில் விசில் ஊதினால் நடவடிக்கைக்கு உள்ளாக நேரிடலாம். கேட்காமல் போகாதீர்கள்.

ஓரிடத்தில் மட்டும் அண்ணாச்சியின் கருத்தோடு என் கருத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டுகிறேன். உள்ளூரில் ஒரு வேலையைப் பிடித்துக்கொள்வது நல்லதுதான்; ஆனால் கோவில்பட்டி என்றால் ஹாக்கி, சிற்றூர்கள் என்றால் கபடி, மீதி மைதானமெல்லாம் கிரிக்கெட் என்றிருக்கும் நம் பகுதியில், பதினொருவர் முழு 90 நிமிடம் ஆடும் தரமான ஆட்டங்கள் போதிய அளவு நடப்பதில்லை. விசில் ஊதிய ஆட்டங்களின் எண்ணிக்கை கூடாமல் கண் தெளியாது. சென்னை லீக் நடக்கும் மாதங்களிலாவது தம்பி அங்கே இருக்க வேண்டும்.

பாளை மாணவன்:

மூவருக்கும் நன்றி. அப்பாவிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். காப்பீட்டையும் வேலையையும் பற்றி எழுதியிருந்ததைக் கேட்ட பிறகு, உடற்கல்விப் பட்டப் படிப்பில் சேர்ந்துகொண்டு இதையும் தொடரலாம் என்று சொல்லிவிட்டார். இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. பதிவு செய்தவுடன் கல்லூரி அணியில் ஆடுவதை நிறுத்திவிட வேண்டுமா? எழுத்துத் தேர்வுக்கு எதைப் படிப்பது? மேலும், வீடியோ நடுவர் முறை வந்துவிட்டதால் நாளடைவில் மைதானத்தில் நிற்கும் நடுவரின் தேவை குறையும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள்.

தாமிரபரணிக்கரை:

தந்தையார் ஒப்புக்கொண்டது நல்ல செய்தி. செயலர் தம்பி சென்னை பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். நெல்லை எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் காலையில் எழும்பூர். வேலை கிடைத்த பிறகும் விடுப்பில் சென்றுவரலாம். படிக்கும் காலத்தில் கோடை விடுமுறையை அதற்கென்றே ஒதுக்கலாம்.

ஆட்டத்தை இப்போது நிறுத்த வேண்டாம். இந்த ஆண்டு பல்கலைக்கழக அளவிலான கல்லூரிப் போட்டிகளில் ஆடி முடியுங்கள். உங்கள் கல்லூரி பங்கேற்கும் பிரிவில் மட்டும் விசில் ஊதுவதை ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

தேர்வுக்கு 17 விதிகள் அடங்கிய ஆட்ட விதி நூல் ஒன்றே போதும்; சர்வதேசக் கால்பந்துச் சங்க வாரியத்தின் இணையதளத்தில் அது இலவசமாகக் கிடைக்கிறது. 1886இல் தொடங்கிய இந்த வாரியம் ஆண்டுதோறும் கூடி விதிகளைத் திருத்துகிறது. திருத்தங்கள் ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வரும். கோல்கீப்பர் பந்தைக் கையில் 8 வினாடிக்கு மேல் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர் கொடுப்பது என்ற மாற்றம் 2025இல் வந்தது. பழைய நூலைப் படித்து வந்தவர்கள் தேர்வில் இப்படிப்பட்ட இடங்களில்தான் மதிப்பெண் இழக்கிறார்கள். ஆகவே ஒவ்வோர் ஆண்டும் புதிய பதிப்பை எடுத்து, முதலில் மாற்றங்கள் பகுதியைப் படியுங்கள்.

வீடியோ நடுவர் முறையைப் பற்றி நண்பர்கள் அஞ்சத் தேவையில்லை. கோல், பெனால்டி, சிவப்பு அட்டை, ஆள் மாறாட்டம் போன்ற சில முடிவுகளில் மட்டுமே அது தலையிட முடியும். இறுதி முடிவு அப்போதும் மைதானத்தில் இருக்கும் நடுவருடையதே. வீடியோ அறையில் அமர்வோரும் பயிற்சி பெற்ற நடுவர்களே. ஓய்வு பெற்ற பிறகு நடுவர்களை மதிப்பிடுபவராகவும் பயிற்றுநராகவும் தொடரும் வழிகளும் இருக்கின்றன.

மாவட்டச் சங்கத்தில் அடுத்த நடுவர் பயிற்சி முகாம் எப்போது என்று இந்த வாரமே கேளுங்கள். வயதுச் சான்று, மருத்துவச் சான்று, புகைப்படங்கள் ஆகியவற்றைத் தயாராக வைத்திருங்கள். ஒரே விசிலை நம்பி மைதானத்துக்குப் போகாதீர்கள். இரண்டு விசில்கள், இரண்டு கைக்கடிகாரங்கள், ஒரு குறிப்பேடு, எழுதும் இரண்டு பேனாக்கள் எப்போதும் பையில் இருக்கட்டும்.